சிக்ஸர்ஸ் தோற்றது 2019 ஜூலையில்தான்: மறுப்பவர்கள் வரலாம்

நாலாம் குவார்ட்டர்:

நியூயார்க் நிக்ஸ் அணி பற்றிய இழையில் தொடங்கிய சண்டையை அங்கே வளர்க்க வேண்டாம் என்று மாடரேட்டர் சொல்லிவிட்டார். அதனால் இங்கே தனியாகத் திறக்கிறேன். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு என்பிஏ கூடைப்பந்து அணியான ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் 2018 முதல் 2025 வரை ஏன் ஒருமுறைகூட கிழக்குப் பிரிவின் இறுதியை (பிளேஆஃப் என்ற வெளியேற்றும் கட்டத்தின் மூன்றாம் சுற்று) தொடவில்லை என்பதுதான் கேள்வி.

2018, 2019, 2021, 2022, 2023 என்று ஐந்து முறை இரண்டாம் சுற்றோடு வீட்டுக்குப் போனார்கள். 2020, 2024 இரண்டிலும் முதல் சுற்றிலேயே வெளியே. 2024-25 சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. கடைசியாகக் கிழக்கு இறுதி ஆடியது 2001இல், கோப்பை வாங்கியது 1983இல்.

காரணம் கேட்டால் வழக்கமாக மூன்று பதில் வரும். சென்டராக (கூடை அருகே ஆடும் உயரமான ஆள்) ஆடும் ஜோயல் எம்பீடின் அடிக்கடி காயப்படும் உடம்பு, ஷாட் போடத் தயங்கிய பென் சிம்மன்ஸ், இல்லையென்றால் மேலாளர் சாம் ஹிங்கி நல்ல புது ஆட்டக்காரர்கள் கிடைக்க வேண்டுமென்றே அணியைத் தோற்க விட்ட அந்த "பிராசஸ்" காலம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு எல்லாம் 2019 ஜூலையில் வந்து நிற்கிறது.

அந்த வருடம் மே 12, டொரொண்டோவில் இரண்டாம் சுற்றின் கடைசியான ஏழாவது ஆட்டம். நாலு விநாடி மிச்சமிருக்கும்போது நம் ஜிம்மி பட்லர் ஓடிப்போய் லே-அப் போட்டு 90-90 ஆக்கினார். அடுத்து டொரொண்டோவின் கவாய் லெனர்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நாலு முறை குதித்து உள்ளே விழுந்தது. 92-90. அதே டொரொண்டோதான் அந்த வருடம் கோப்பையையும் வென்றது. அதாவது சாம்பியன் அணியை அதன் சொந்த மைதானத்தில் கடைசி விநாடி வரை இழுத்துப் பிடித்த அணி இது. அப்படிப்பட்ட அணியை என்ன செய்வோம்? ஒட்டவைத்துக்கொண்டு இன்னொரு வருடம் ஆடிப் பார்ப்போம். இவர்கள் கலைத்தார்கள்.

பட்லரை மயாமிக்கு அனுப்பி ஜாஷ் ரிச்சர்ட்சனை வாங்கினார்கள். டோபயஸ் ஹாரிஸுக்கு ஐந்து வருடம், 18 கோடி டாலர். பாஸ்டனிலிருந்து அல் ஹோர்ஃபர்டை நாலு வருடத்துக்கு, சுமார் 10.9 கோடி டாலருக்கு அழைத்து வந்தார்கள். ஹோர்ஃபர்டை எடுத்ததற்கு ஒரு காரணம், எம்பீடை நன்றாகத் தடுப்பவர் அவர் என்பது. எதிரணியில் இருந்தவரை அது சரி. நம் அணிக்கு வந்த பிறகு அவர் யாரைத் தடுப்பார்? இரண்டு சென்டர்களும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டார்கள். அடுத்த வருடம் பாஸ்டன் 4-0 என்று துடைத்து அனுப்பியது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஹோர்ஃபர்ட் ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்க, 2020இல் அவரோடு எதிர்கால முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றையும் சேர்த்து ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிக்தான் 2025ஆம் வருடப் பிக். முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் நமக்கு, ஏழாவது இடத்துக்குப் போனால் ஓக்லஹோமாவுக்கு. 2025 மே மாதம் அந்த வரிசையை முடிவுசெய்யும் லாட்டரி நடந்த நாளில் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைவிருக்கும். கந்துவட்டிக்கு வாங்கிய கடன் போல, ஒரு கோடைக்காலத்தில் செய்த தவறுக்கு ஆறு வருடம் கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாவது இடம் விழுந்ததால் இளம் ஆட்டக்காரர் எட்ஜ்கம்ப் கிடைத்தார். அது பிழைத்த கதை, புத்திசாலித்தனம் இல்லை.

மறுப்பவர்கள் வரலாம்.


பாஸ்டன் பச்சை:

இவ்வளவு நீளம் எதற்கு? 2017 ஜூன். மூன்றாவது பிக்கோடு இன்னொரு முதல் சுற்றுப் பிக்கையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு முதல் பிக்கை வாங்கி மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தீர்கள். நாங்கள் மூன்றாவதாக ஜேசன் டேட்டமை எடுத்தோம். 2018, 2020, 2023 மூன்று முறையும் உங்களை வெளியே அனுப்பியது யார் என்று பாருங்கள். இழையைப் பூட்டலாம்.


நாலாம் குவார்ட்டர்:

வந்துவிட்டீர்களா! ஃபுல்ட்ஸ் விஷயத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. கல்லூரியில் நன்றாக ஷாட் போட்ட பையன், இங்கே வந்து ஃப்ரீ த்ரோ எறியும்போது கை பாதியில் நின்றது. தோள் பக்கத்து நரம்புப் பிரச்சினை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். முதல் சீசனில் 14 ஆட்டம்தான். அதை முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது. 2019இல் செய்ததெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு செய்தது.

இன்னொன்று, அந்த ஃபுல்ட்ஸை ஆர்லாண்டோவுக்கு விற்றபோது கிடைத்த பிக் 2020இல் 21வது இடத்தில் விழுந்தது. அதில் வந்தவர் டைரீஸ் மேக்ஸி. ஆக ஃபுல்ட்ஸ் கணக்கு முழு நஷ்டமில்லை.


பாஸ்டன் பச்சை:

டேட்டமைக் கொடுத்து மூன்று வருடம் கழித்து மேக்ஸி வாங்கினோம் என்று சந்தோஷப்படுவது ஃபிலடெல்ஃபியாவில்தான் நடக்கும்.


ஸ்கார்பரோ பாலன்:

டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். அந்த ஏழாவது ஆட்டத்தைப் பற்றி இங்கே கதைக்க எனக்கும் உரிமை இருக்குது என்று நினைக்கிறேன்.

எல்லாரும் அந்த நாலு குதிப்பைப் பற்றியே கதைக்கிறார்கள். அந்த ஆட்டம் அதற்கு முன்னமே வேறொரு இடத்தில் முடிந்துவிட்டது. எம்பீட் அன்று கிட்டத்தட்ட 45 நிமிடம் ஆடினார். அவர் ஆடிய நேரத்தில் ஃபிலடெல்ஃபியா 10 பாயிண்ட் முன்னே. ஆட்டத்தையோ 2 பாயிண்டால் தோற்றார்கள். கணக்குப் போடுங்கள்: அவர் பெஞ்சில் இருந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 12 பாயிண்ட் போயிருக்குது. மூன்று நிமிடம்கூட இல்லை! ஒரு மாற்று சென்டர் ஒழுங்காக இருந்திருந்தால் கவாய் அந்தக் கடைசிப் பந்தை எறிய வேண்டிய தேவையே வந்திருக்காது.

அதோடு, எங்கள் பக்கம் மார்க் கசோல் இருந்ததை மறக்க வேண்டாம். சீசன் நடுவில் அவரைக் கொண்டுவந்ததே இப்படியான பெரிய ஆட்களைச் சமாளிக்கத்தான். எம்பீட் அந்த சீரிஸில் வயிற்றுக் கோளாறோடும் ஆடினார். ஆட்டம் முடிந்து அவர் அழுதுகொண்டு உள்ளே போகேக்க கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னதும் அதே கசோல்தான். இங்கே எங்களுடைய ஆட்கள் அன்று இரவு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு என்னவோ அந்த அழுகைதான் மனதில் நின்றது.

அண்ணா, உங்கள் 2019 கதையில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்லர் நிற்க விரும்பினாரா? அதை யார் சொல்வது?


கூடைக்கிழவன்:

பாலன் தம்பி, வளையத்தில் குதித்த பந்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2001, அதே இரண்டாம் சுற்று, அதே இரண்டு அணிகள், அதே ஏழாவது ஆட்டம். டொரொண்டோவின் வின்ஸ் கார்ட்டர் அன்று காலையில் வட கரோலினாவில் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு மாலையில் ஃபிலடெல்ஃபியாவில் ஆட வந்தார். கடைசி விநாடியில் எறிந்தார். வெளியே போனது. 88-87, சிக்ஸர்ஸ் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் மில்வாக்கியையும் ஏழு ஆட்டத்தில் முடித்து சிக்ஸர்ஸ் நட்சத்திரம் ஆலன் ஐவர்சன் இறுதிக்குப் போனார். முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸுக்கு எதிராக 48 பாயிண்ட். அப்புறம் நாலும் தோல்வி. அது வேறு விஷயம்.

அதிர்ஷ்டம் என்று பேசுபவர்கள் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு தடவை கிடைத்தது, ஒரு தடவை போனது.

ஆனால் அந்த 2001 அணியைப் பாருங்கள். ஒரே ஒரு நட்சத்திரம். சுற்றி எரிக் ஸ்னோ, ஆரோன் மெக்கீ, டிகெம்பே முடோம்போ என்று ஆளாளுக்கு ஒரு வேலை. கடைசி நிமிடத்தில் பந்து யாரிடம் போகும் என்று அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவனுக்குக்கூடத் தெரியும். எம்பீட் காலத்து அணியில் அந்தக் கேள்விக்கு எந்த வருடமும் ஒரே பதில் இருந்ததில்லை. திறமை 2001ஐ விட இரண்டு மடங்கு. ஒழுங்கு பாதி.


செர்ரிஹில் வித்யா:

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியில் இருக்கிறேன். சிக்ஸர்ஸ் ஆட்டங்களுக்கு நேரில் போகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: 2019ஐ விட 2021 நூறு மடங்கு வலித்தது. 2019இல் நம்மை விட நல்ல அணியிடம் தோற்றோம். 2021இல் நாம்தான் கிழக்கில் முதலிடம். புரூக்ளின் காயத்தால் தடுமாறிக்கொண்டிருந்தது. நமக்கு வந்ததோ அட்லாண்டா. வழி திறந்து கிடந்தது.

நாலாவது ஆட்டத்தில் 18 பாயிண்ட் முன்னிலையை விட்டார்கள். சரி, வெளியூர் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். ஐந்தாவது ஆட்டம் நம் ஊரில். 26 பாயிண்ட் முன்னிலை. அதையும் விட்டார்கள், 109-106. இரண்டாம் பாதி முழுக்க எம்பீடையும் செத் கரியையும் தவிர வேறு யாரும் ஒரு கூடைகூட ஆட்டத்தின் ஓட்டத்தில் போடவில்லை. இரண்டே பேர்! அன்று சிம்மன்ஸ் ஃப்ரீ த்ரோ 14க்கு 4. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் நாலாம் கால்பகுதியில் ஆட்டத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பாயிண்ட் பின்னால். சிம்மன்ஸ் கையில் பந்து, கூடைக்குக் கீழே, எதிரில் நிற்பது அட்லாண்டாவின் ட்ரே யங். சிம்மன்ஸ் கிட்டத்தட்ட ஏழடி, யங் அவர் தோளுக்கு வருவார். டங்க் அடிக்காமல் சக ஆட்டக்காரர் தைபுலிடம் பாஸ் கொடுத்தார். தைபுல் ஃபவுல் வாங்கி இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டார்.

இந்தத் தோல்விக்கும் பட்லருக்கும் என்ன சம்பந்தம்? சிம்மன்ஸ் ஒரு ஷாட் போட்டிருந்தால் போதும்.


எண்கணக்கன்:

வித்யா அக்கா சொன்னதோடு இரண்டு எண்களைச் சேர்க்கிறேன். அந்த பிளேஆஃபில் சிம்மன்ஸ் ஃப்ரீ த்ரோ 73க்கு 25, அதாவது 34 சதவீதம். அட்லாண்டாவுக்கு எதிரான ஏழு ஆட்டத்தின் நாலாம் கால்பகுதிகள் அனைத்தையும் கூட்டினால் அவர் எடுத்த ஷாட் மூன்றே மூன்று. எதிரணி ஃபவுல் செய்தால் ஃப்ரீ த்ரோ எறிய வேண்டி வருமே என்ற பயத்தில் கூடைப் பக்கமே போகாமல் நின்றார் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

ஆட்டம் முடிந்ததும் கோச் டாக் ரிவர்ஸிடம், கோப்பை வெல்லும் அணிக்கு சிம்மன்ஸ் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக) இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தனக்குப் பதில் தெரியாது என்றார் ரிவர்ஸ். எம்பீடும் அந்தப் பாஸ்தான் திருப்புமுனை என்கிற மாதிரிப் பேசினார். அதோடு சிம்மன்ஸ் அந்த அணிக்காக மறுபடி ஆடவே இல்லை.


நாலாம் குவார்ட்டர்:

வித்யா அக்கா, சம்பந்தம் இருக்கிறது. 2019 பிளேஆஃபை மறுபடி பாருங்கள். கடைசி நிமிடங்களில் பந்து சிம்மன்ஸ் கையில் இருக்காது. பட்லர் கொண்டுவருவார், எம்பீட் தடுப்பாளரை மறிக்க அவரோடு சேர்ந்து "பிக் அண்ட் ரோல்" ஆடுவார், சிம்மன்ஸ் பேஸ்லைன் ஓரமாக நிற்பார். அப்போதைய கோச் பிரெட் பிரவுன் அன்றே அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்து மறைத்துவிட்டார். பட்லர் போனதும் அந்தத் திரை போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து ட்ரே யங் முன்னால் நடந்தது அதுதான். சிம்மன்ஸ் 2021இல் புதிதாகப் பயப்படவில்லை. அவர் பயப்படாமல் ஆட ஏற்பாடு செய்திருந்த ஆளை நாம் மயாமிக்கு அனுப்பிவிட்டோம்.

அடுத்த வருடம் அதே மயாமிக்காக ஆடிய பட்லர் நம்மை 4-2 என்று முடித்தார். உள்ளே போகும்போது "என்னை விட்டுட்டு டோபயஸ் ஹாரிஸா?" என்று கத்திக்கொண்டே போனது கேமராவில் பதிவானது. 2020இலும் 2023இலும் அவர் மயாமியை இறுதி வரை கொண்டுபோனார்.


எண்கணக்கன்:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரு கோடையில் போட்டு மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எம்பீட் ஒவ்வொரு பிளேஆஃபுக்கும் எந்த நிலையில் வந்தார் என்று பாருங்கள்.

2018இல் முகத்தில் எலும்பு முறிந்து முகமூடியோடு வந்தார் (மோதியது சொந்த அணியின் ஃபுல்ட்ஸ்). 2019இல் முழங்கால், வயிறு. 2021இல் முழங்கால் குருத்தெலும்பு (மெனிஸ்கஸ்) கிழிந்த காலோடு ஆடினார். 2022இல் டொரொண்டோவை ஏறக்குறைய முடித்துவிட்ட ஆட்டத்தில் எதிரணியின் சியாக்கமின் முழங்கை பட்டு மறுபடி முகத்தில் முறிவு. மயாமியில் முதல் இரண்டு ஆட்டம் இல்லை. 2023இல் முழங்கால் சுளுக்கு. 2024இல் ஆபரேஷன் முடிந்து திரும்பிய கால், கூடவே முகவாதம். ஒரு கண்ணைச் சரியாக மூட முடியாத நிலையில் நிக்ஸுக்கு எதிராக 50 பாயிண்ட் அடித்தார். 2020 ஒன்றில்தான் அவர் முழுசாக இருந்தார். அந்த வருடம் சிம்மன்ஸ் இல்லை!

ஒரு சீசனில் அவர் அதிகபட்சமாக ஆடியதே 68 ஆட்டம்தான். 2023-24இல் 39, 2024-25இல் 19. பட்லர் இருந்தாலும் இந்தப் பட்டியல் மாறாது.


கூடைக்கிழவன்:

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாது தம்பி. 2014இல் டிராஃப்ட் செய்யும்போதே அவர் பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது. முதல் இரண்டு சீசன் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஏழடி மனிதர், 280 பவுண்டு, பதினைந்து வயதுக்கு மேல்தான் கூடைப்பந்தையே தொட்டவர். இந்த உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் எல்லாவற்றையும் அதன் மேல் கட்டினார்கள். தெரிந்து கட்டியவர்கள் மாற்று ஏற்பாட்டையும் கட்டியிருக்க வேண்டும். பாலன் சொன்ன அந்த மூன்று நிமிடம் 2019இன் பிரச்சினை மட்டுமா? எல்லா வருடமும் அவர் பெஞ்சுக்குப் போனால் நமக்கு நெஞ்சு அடைக்கும்.


செர்ரிஹில் வித்யா:

"பிராசஸ்" பற்றி ஒரு வார்த்தை. அந்த மூன்று வருடமும், 19-63, 18-64, 10-72, நான் பாதி விலைக்கும் குறைவாக டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தேன். ஊரே சிரித்தது. ஆனால் ஹிங்கி திட்டம் தோற்கவில்லை என்பது என் கட்சி. 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு அவர் போகும்போது எம்பீட், கோவிங்டன், மெக்கானல் எல்லாரும் இருந்தார்கள், ஷாரிச்சின் உரிமை இருந்தது, கையில் பிக்குகள் இருந்தன. முடிவுகளைக் கெடுத்தது அவருக்குப் பிறகு வந்தவர்கள்.

அடுத்து வந்த மேலாளர் கொலாஞ்சலோ காலத்தில் ஃபுல்ட்ஸ். அப்புறம் மனைவி நடத்திய ரகசிய ட்விட்டர் கணக்குகளில் சொந்த ஆட்டக்காரர்களையே குறை சொன்ன விவகாரம் வெளியே வந்து 2018 ஜூனில் அவரும் போனார். அதே மாதம் டிராஃப்டில் பத்தாவதாக மிக்கேல் பிரிட்ஜஸை எடுத்தார்கள். வில்லனோவாவில் ஆடிய உள்ளூர்ப் பையன். அவர் அம்மாவே சிக்ஸர்ஸின் தாய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அம்மாவும் பிள்ளையும் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, அன்று இரவே ஃபீனிக்ஸுக்கு விற்றுவிட்டார்கள். அந்த விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024இல் அவர் நிக்ஸுக்குப் போனார்.

மெக்கானலைப் பாருங்கள், 2025 ஜூனில் இந்தியானாவுக்காக இறுதிப் போட்டியில் ஆடினார். 2013இல் ஹிங்கி விற்ற ஜ்ரூ ஹாலிடே இரண்டு கோப்பை வாங்கிவிட்டார். ஹோர்ஃபர்டும் பாஸ்டனுக்குத் திரும்பிப் போய் 2024இல் வாங்கிவிட்டார். நம்மிடமிருந்து போகிறவர்களுக்கெல்லாம் நல்ல காலம்தான்.


பாஸ்டன் பச்சை:

ஹோர்ஃபர்டைத் திருப்பித் தந்ததற்கு நன்றி. 2023 பற்றி யாரும் பேசவில்லையே? அதையும் நானே ஆரம்பிக்கட்டுமா?


நாலாம் குவார்ட்டர்:

வேண்டாம், நானே சொல்கிறேன். அதுதான் இருந்ததிலேயே நல்ல வாய்ப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எம்பீட் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்), ஆட்டத்துக்குச் சராசரி 33 பாயிண்ட். 54 வெற்றி. பாஸ்டனில் முதல் ஆட்டத்தை எம்பீட் இல்லாமலேயே ஜெயித்தார்கள், நம் ஜேம்ஸ் ஹார்டன் 45 பாயிண்ட். நாலாவது ஆட்டத்தில் ஓவர்டைமில் ஹார்டன் மறுபடி முடித்துக் கொடுத்தார். ஐந்தும் ஜெயித்து 3-2. ஆறாவது ஆட்டம் சொந்த ஊர். மூன்று கால்பகுதி வரை டேட்டம் எறிந்ததெல்லாம் வெளியே போனது. நாலாவதில் வரிசையாக மூன்று பாயிண்ட் ஷாட்கள். நம் ஆட்களோ கடைசி நிமிடங்களில் எம்பீடுக்குப் பந்தைக் கொடுக்கவே மறந்தார்கள். 95-86.

ஏழாவது ஆட்டம் 112-88. டேட்டம் 51. மூன்றாம் கால்பகுதி மட்டும் 33-10. எம்பீட் 18 ஷாட்டில் 5, ஹார்டன் 11இல் 3. டாக் ரிவர்ஸ் கோச்சாகத் தோற்ற பத்தாவது ஏழாம் ஆட்டம் அது. வேறு எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு இல்லை. அவரையும் அனுப்பிவிட்டு, யாரைக் கொண்டுவந்தார்கள்? நிக் நர்ஸை. 2019இல் எதிர்ப் பெஞ்சில் டொரொண்டோவுக்குக் கோச்சாக நின்றவர்.


ஸ்கார்பரோ பாலன்:

நர்ஸை எங்களிடமிருந்து எடுத்தது நல்ல வேலைதான். ஆனால் 2024இல் நிக்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அவருக்கு அநியாயம் நடந்தது என்று நினைக்கிறேன். அரை நிமிடத்துக்கும் குறைவு, ஃபிலடெல்ஃபியா 101-96 முன்னே. நிக்ஸின் பிரன்சன் போட்ட பந்து வளையத்தில் பட்டுக் குதித்து உள்ளே. (மறுபடியும் குதித்த பந்து!) உடனே மேக்ஸியை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பந்தைப் பறித்தார்கள். நர்ஸ் டைம்-அவுட் கேட்டுக் கத்திக்கொண்டு நிற்கிறார், ஒருத்தரும் பார்க்கவில்லை. நிக்ஸின் டிவின்சென்சோ ஒன்றைத் தவறவிட்டு, ரீபவுண்ட் திரும்பி வந்து, அடுத்ததைப் போட்டார். 104-101. மேக்ஸி மேல் நடந்தது ஃபவுல்தான் என்று அடுத்த நாள் லீக் அறிக்கையே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு என்ன பயன்?


செர்ரிஹில் வித்யா:

அந்த சீரிஸில் எனக்கு எரிச்சல் வந்தது நடுவர்களால் அல்ல. நம் ஊரில் நடந்த ஆட்டங்களில் அரங்கம் நிறைய நிக்ஸ் சட்டைகள். நியூயார்க்கில் டிக்கெட் விலை எட்டாத உயரம் என்பதால் ரயிலேறி இங்கே வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் விற்றார்கள், அவர்கள் வாங்கினார்கள். எம்பீடே அதைச் சொல்லி வருத்தப்பட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் மேக்ஸி 46 அடித்து, தோற்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி அரை நிமிடத்தில் ஓவர்டைமுக்கு இழுத்தாரே, அப்படி ஒன்றை நியூயார்க்கில் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் இங்கே பாதி அரங்கம் எதிரணிக்குக் கத்துகிறது.


எண்கணக்கன்:

மேக்ஸி பற்றிப் பேசுவதால் இனி என்ன என்று பார்க்கலாமா? எம்பீட் ஒப்பந்தம் 2028-29 வரை. 2024 செப்டம்பரில் இன்னும் சுமார் 19.3 கோடி டாலருக்கு நீட்டித்தார்கள். பால் ஜார்ஜுக்கு நாலு வருடம், 21.2 கோடி, முதல் வருடம் 41 ஆட்டம். மேக்ஸியும் மேக்ஸிமம் சம்பளம். 2024-25இல் இந்த மூவரும் சேர்ந்து ஆடியது வெறும் 15 ஆட்டம்தான். அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் பாயும் புதிய விதிகளில் இப்படி மூன்று பெரிய ஒப்பந்தம் வைத்திருக்கும் அணி டிரேட் செய்யவே கை கட்டப்படும்.

என் கருத்து: எம்பீடை இனி யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் "விற்கலாமா" என்ற விவாதமே வீண்.


நாலாம் குவார்ட்டர்:

இதில் உங்களோடு முழு உடன்பாடு. ஜார்ஜ் ஒப்பந்தமும் 2019இல் செய்த அதே தவறுதான். அப்போது ஹோர்ஃபர்டுக்கு 33 வயது. ஜார்ஜுக்குக் கையெழுத்துப் போடும்போது 34. ஏற்கெனவே அடிக்கடி உடம்பு படுக்கும் சென்டர் இருக்கும்போது, வயதான இன்னொருவருக்கு நீண்ட ஒப்பந்தம். ஜார்ஜை எடுத்த நிர்வாகத் தலைவர் மோரி புத்திசாலி என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஹார்டன் அவரைப் பொய்யர் என்று சீனாவில் மேடையில் நின்று சொன்னது தனிக் கதை. சிம்மன்ஸைக் கொடுத்து ஹார்டனை வாங்கியது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஜார்ஜ் விஷயத்தில் நிர்வாகம் 2019இலிருந்து எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.


கூடைக்கிழவன்:

2025-26 சீசன் தொடங்கும்போது நான் பார்ப்பதெல்லாம் மேக்ஸி, எட்ஜ்கம்ப், மெக்கேன். மூன்று பேரும் கார்டுகள் (பந்தை நகர்த்தும் ஆட்டக்காரர்கள்), மூன்று பேரும் ஓடுகிறார்கள். மெக்கேன் காயத்துக்கு முன் 23 ஆட்டத்தில் காட்டியதே போதும். எம்பீட் வந்தால் லாபம், வராவிட்டாலும் ஓட வேண்டும். அதற்கு மேல் இந்த வருடம் எதிர்பார்க்காதீர்கள்.


பாஸ்டன் பச்சை:

2025 அக்டோபர் 22, சீசனின் முதல் ஆட்டமே எங்கள் ஊரில். டேட்டம் 2025 மேயில் குதிகால் தசைநாண் கிழிந்து வெளியே, ஹாலிடே போர்ட்லாண்டுக்குப் போயாச்சு, ஹோர்ஃபர்டும் இல்லை. இதற்கு மேல் என்ன சலுகை வேண்டும்?


செர்ரிஹில் வித்யா:

நீங்கள் சலுகை தரும் வருடத்தில்தான் நாங்கள் தோற்போம், பயப்படாதீர்கள். அது இருக்கட்டும், நம் குவெண்டின் கிரைம்ஸ் ஒப்பந்தம் 2025 கோடை முழுக்க முடியாமல் இழுத்ததே, அதைப் பற்றி யாருக்காவது தெரியுமா? யாபுசேலையும் நிக்ஸுக்குக் கொடுத்துவிட்டோம். ஃபார்வர்டு இடத்தில் ஆடப் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்றே புரியவில்லை.


நாலாம் குவார்ட்டர்:

கிரைம்ஸுக்குத் தனி இழை இருக்கிறது அக்கா, அங்கே வாருங்கள். பாலன், பட்லர் நிற்க விரும்பினாரா என்று கேட்டீர்கள். அவர் போன அதே கோடையில் ஹாரிஸுக்கு 18 கோடி எடுத்து வைத்தார்கள். மூன்று வருடம் கழித்தும் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார் என்றால், போக விரும்பிய ஆள் கத்தும் கத்தலா அது என்று நீங்களே சொல்லுங்கள்.


ஸ்கார்பரோ பாலன்:

அந்த வீடியோவை இப்பத்தான் திரும்பவும் பார்த்தேன். சரி அண்ணா, பட்லர் விஷயத்தை விட்டுத்தருகிறேன். மாற்று சென்டர் விஷயத்தை விடமாட்டேன்.